வெஸ்டர்ன் பூங்காவில் ஸ்டண்ட் வேலை: ஜெர்மனியில் படிக்கும் நம்மவர்கள் கவனிக்க

ஜெர்மனியில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கௌபாய் பூங்காவில் ஸ்டண்ட் செய்ய ஆள் வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என்னை ஊழியராகப் பதிவு செய்வீர்களா, இல்லை சுயதொழில் ஆளாகக் காட்டுவீர்களா? இதற்கு நேராகப் பதில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கௌபாய் மோகம் அதிகம். கார்ல் மே என்ற ஜெர்மன் எழுத்தாளர் எழுதிய கதைகளில் தொடங்கியது அது. மனிதர் அமெரிக்காவில் கால் வைத்ததே 1908இல்தான். அதற்குள் முக்கால்வாசி எழுதி முடித்துவிட்டார். பாட் சேகெபெர்க் ஊரில் அந்தக் கதைகளை 1952 முதல் திறந்தவெளி அரங்கில் குதிரை, வெடி, சண்டையோடு கோடைதோறும் நடத்துகிறார்கள். மரத்தாலான சலூன், ஷெரிஃப் ஆபீஸ் என்று தெருவே அமைத்த பூங்காக்களும் இருக்கின்றன. வசந்தத்தில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடுவார்கள் என்பதால் தற்காலிக ஆட்களுக்கு எப்போதும் தேவை. நல்லபடியாக நடத்துகிறவர்கள் உண்டு. நான் சொல்வது பூங்காவைப் பற்றி அல்ல, நடுவில் ஆள் பிடித்துத் தரும் ஸ்டண்ட் குழுவைப் பற்றி. பெயர் எழுதப் போவதில்லை.

எனக்குப் பள்ளி நாளிலிருந்தே சிலம்பமும் ஜிம்னாஸ்டிக்ஸும் பழக்கம். மாமா வடபழனியில் சினிமா ஃபைட்டர். அதனால் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் 2025 வசந்தத்தில் அந்த விளம்பரம் வந்தபோது எனக்குப் பிடித்திருந்தது. போட்டவர் நம் ஊர் அண்ணன் ஒருவர். ஒரு ஷோவுக்கு 25 யூரோ, நாளைக்கு மூன்று ஷோ, முதலில் 400 யூரோ பயிற்சிக் கட்டணம். "காண்ட்ராக்ட் எங்கே அண்ணே?" என்று கேட்டேன். "பேப்பர் பின்னாடியே வரும் தம்பி, வேலைக்குத்தானே எடுக்கிறாங்க" என்றார்.

ஷோ இருபது நிமிடம்தான். ஆனால் காலை ஒன்பதுக்கு ஆஜராக வேண்டும். லாயம் கூட்டுவது, குதிரையைத் தேய்ப்பது, ஷோவுக்கு நடுவே குழந்தைகளோடு போட்டோவுக்கு நிற்பது, சாயங்காலம் நொறுங்கிய பால்சா மர நாற்காலியைப் பொறுக்கி அடுத்த நாளுக்குப் புதியதை ஒட்டுவது எல்லாம் கணக்கில் வராது. சாப்பாட்டு நேரம் போக ஒன்பது மணி நேர வேலைக்கு 75 யூரோ, அதாவது மணிக்கு 8.33. அந்த ஆண்டு ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி 12.82 யூரோ, அப்படிப் பார்த்தால் 115 யூரோவுக்கு மேல் வரவேண்டும். 2026 ஜனவரியிலிருந்து அந்தக் கூலி 13.90 ஆகிவிட்டது. 'ஷோவுக்கு இவ்வளவு' என்று யார் பேசினாலும் மணிக்கணக்கில் மாற்றிப் பாருங்கள்.

கூலியைவிடப் பயமாக இருந்தது பாதுகாப்பு. சலூன் கூரையிலிருந்து வைக்கோல் வண்டிக்குள் விழ வேண்டும், சுமார் நான்கு மீட்டர். வைக்கோலுக்கு அடியில் காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். பெட்டி நசுங்கும்போதுதான் அடி குறையும், ஆகவே நசுங்கியதை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். இங்கே நசுங்கியதையே நிமிர்த்தி டேப் ஒட்டி வைத்தார்கள். போனில் சொன்னபோது மாமா கத்தினார்: "ஒரு தடவை விழுந்த பொட்டியில மறுபடி விழாதடா!" குழுத் தலைவரிடம் கேட்டேன். பெட்டிக்கு பட்ஜெட் இல்லை என்றார். நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்தவர்களுக்கு இது நல்ல நகைச்சுவை.

துப்பாக்கியும் அப்படித்தான். பிளாங்க் தோட்டாதானே என்று முதல் நாளே எந்த விளக்கமும் இல்லாமல் கையில் கொடுத்தார்கள். குண்டு இல்லாவிட்டாலும் குழல் முனையில் வரும் வாயுவின் வேகமே ஆளைக் கொல்லும். அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் 1984இல் படப்பிடிப்புத் தளத்தில் பிளாங்க் துப்பாக்கியை விளையாட்டாகத் தலையில் வைத்துச் சுட்டு இறந்துபோனார். எங்களோடு இருந்த பையன்களில் ஒருவருக்கும் இது தெரியாது. கருமருந்தைக் கையாள இந்த நாட்டு வெடிபொருள் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதும் தெரியாது.

ஜூலையில் அந்தப் பெட்டிகளில் விழுந்து கணுக்கால் பிசகியது. "டாக்டரிடம் வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொல்" என்றார் தலைவர். நான் வேலையில் விழுந்ததாகவே சொன்னேன். வேலையில் அடிபட்டால் இங்கே டே-ஆர்ட்ஸ்ட் என்ற தனி மருத்துவரிடம் அனுப்புவார்கள். செலவு பெரூஃப்ஸ்கெனோசென்ஷாஃப்ட் என்ற விபத்துக் காப்பீட்டுடையது. முதலாளி உங்களைப் பதிவு செய்யாமலே இருந்தாலும், நீங்கள் உண்மையில் ஊழியராக வேலை செய்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு. சுயதொழில் ஆள் என்றால் தானாக வராது. படியில் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னது ஏன் என்று புரிகிறதல்லவா?

காப்பீட்டிலிருந்து ஸ்டண்ட் குழுவுக்கு விசாரணைக் கடிதம் போனதுமே அவர்கள் பேச்சு மாறியது. நீ ஃப்ரீலான்ஸர், கெவெர்பே, அதாவது சுயதொழில் என்று பதிவு செய்து இன்வாய்ஸ் அனுப்பினால்தான் ஜூலைப் பணம் என்றார்கள். அண்ணனும் போன் செய்தார்: "எல்லாரும் அப்படித்தான் தம்பி பண்றாங்க, ஒண்ணும் ஆகாது."

ஆகும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம், 2024 மார்ச்சிலிருந்து அதுதான் கணக்கு. ஆனால் அது ஊழியர் வேலைக்கு மட்டும். சுயதொழிலுக்கு வெளிநாட்டினர் அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். என் விசா அட்டையோடு வந்த மடித்த தாளில் சுயதொழில் கூடாது என்று அச்சிட்டே இருந்தது. அவர்கள் கேட்ட இன்வாய்ஸை அனுப்பியிருந்தால் விசா விதியை மீறினேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகியிருக்கும். ஜெர்மன் பையன்களுக்கு இதில் வரித் தலைவலிதான், நமக்கு ஊர் திரும்பும் டிக்கெட்.

அனுப்பவில்லை. நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனேன். முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை. அங்கேயே ஓர் அலுவலர் உங்கள் புகாரை எழுதித் தருவார். வாய்மொழி வேலை ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். எனக்குக் கைகொடுத்தது 'நாளை ஒன்பதுக்கு வா, லாயம் உன் பொறுப்பு' என்று வந்த வாட்ஸ்அப் செய்திகள். எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அடுத்தவர் சொல்ல, அவர் துப்பாக்கியையும் அவர் உடையையும் வாங்கி வேலை செய்கிறவன் எப்படிச் சுயதொழில் ஆள்? இலவச ஆலோசனைக்கு 'ஃபேயர் இன்டெக்ராட்சியோன்' மையங்கள் இருக்கின்றன, வெளிநாட்டவருக்கு என்றே. போகும் முன் தேதி, மணி எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலம் தாழ்த்த வேண்டாம், சில ஒப்பந்தங்களில் மூன்று மாதத்துக்குள் கேட்காவிட்டால் பாக்கி போய்விடும் என்று எழுதியிருப்பார்கள்.

சமரச அமர்விலேயே அவர்கள் வக்கீல் இறங்கி வந்தார். கூலி பாக்கியில் பெரும்பகுதி கிடைத்தது. பயிற்சிக் கட்டணம் 400 யூரோ போனது போனதுதான். அண்ணன் கணக்கு வழியாகக் கட்டியது அது, ரசீது கிடையாது.

இந்த ஆண்டும் அதே விளம்பரம் வேறு நம்பரில் சுற்றுகிறது. சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு கூரையிலிருந்து ஒருவன் குதிக்கும் படம் இருந்தால் அதுதான். குதிப்பது நான். படத்தை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.