டபிள்யூ-2வா, 1099ஆ என்று கேட்காமல் வேலையில் சேராதீர்கள்: எனக்கு 2,826 டாலர் போயிற்று

அமெரிக்காவில் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்ததும் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று தேடும் நம் பெண்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். நேற்றுதான் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு 2,826 டாலர் கட்டினேன். சுயதொழில் வரியாம். எனக்கு எந்தத் தொழிலும் கிடையாது.

டாலஸ் பக்கம் ஒரு டியூஷன் சென்டர். நடத்துகிறவர் நம்ம ஊர் அம்மா. முதல் நாள் ஃபில்டர் காபி கொடுத்து உட்கார வைத்து, "பிடித்தம் கிடித்தம் எதுவும் இல்லம்மா, முழுப் பணமும் உன் கைக்கே வந்துடும், நமக்குள்ள என்ன" என்று ஒரு டபிள்யூ-9 படிவத்தை, அதாவது கான்ட்ராக்டர் தன் வரி எண்ணைக் கொடுக்கும் தாளை, நீட்டினார். புது ஊர், முதல் வேலை, நம் பாஷை பேசுகிறவர். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். மதியம் இரண்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாமதமானால் வாட்ஸ்அப்பில் கேள்வி, சென்டர் பெயர் போட்ட டி-ஷர்ட் கட்டாயம், எந்தக் கிழமை எந்தப் பாடம் என்பதும் அவர் தரும் அட்டவணைப்படிதான், லீவு என்றால் அவர் தலையாட்ட வேண்டும். இதற்குப் பெயர் கான்ட்ராக்டரா?

ஜனவரி கடைசியில் ஊழியருக்குத் தரும் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 வரவில்லை, கான்ட்ராக்டருக்குத் தரும் 1099-என்இசி வந்தது. வருஷம் முழுக்க வாங்கிய 20,000 டாலரில் 92.35 சதவீதத்தை எடுத்து அதன்மேல் 15.3 சதவீதம், ஆக 2,826. ஊழியராகக் காட்டியிருந்தால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியில் என் பங்கு 7.65 சதவீதம், 1,530 டாலரோடு முடிந்திருக்கும், அதே அளவு அவரும் கட்டியிருக்க வேண்டும். அவர் பங்கையும் என் தலையில் கட்டிவிட்டார். வருமான வரி தனி.

கேட்டால், "உன் சிபிஏகிட்ட கேளு" என்று வரிக் கணக்காளரைக் காட்டினார். மறுபடி கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் தர்றோம், நீதானே கையெழுத்துப் போட்டே." அப்புறம் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. அடுத்த மாத அட்டவணையில் என் பெயரே இல்லை! வேலையிழப்புக் காப்பீட்டுக்கும் என் பேரில் ஒரு காசு கட்டவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், 2,826 டாலரை நினைத்தால் கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். டபிள்யூ-9 நீட்டினால் உஷார், ஊழியருக்குத் தருவது டபிள்யூ-4. கையெழுத்துப் போட்டதால் மட்டும் யாரும் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார்கள், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்றுதான் ஐஆர்எஸ் பார்க்கும். ஐஆர்எஸ்ஸுக்கு எஸ்எஸ்-8 படிவம் அனுப்பி, நீங்கள் ஊழியரா கான்ட்ராக்டரா என்று முடிவு கேட்கலாம், கட்டணம் இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு மேலும் இழுக்கும். வரிக் கணக்கு இன்னும் தாக்கல் செய்யாதவர்கள் எஸ்எஸ்-8 அனுப்பிவிட்டு, படிவம் 8919 பற்றி உங்கள் சிபிஏவிடம் உடனே கேளுங்கள், உங்கள் பங்கை மட்டும் கட்ட வழி இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகளையும் அட்டவணைகளையும் அழித்துவிடாதீர்கள், எஸ்எஸ்-8உடன் நான் வைக்கப் போவது அவற்றைத்தான்.