வைஃபை பிடிக்கும், நெட் வராது: திருகோணமலையில் எங்களுக்குச் சரிசெய்து தந்தவர் பற்றி

உப்புவெளியில் எங்களுடையது சின்ன அலுவலகம். புறாத்தீவுக்குப் படகு, நிலாவெளியில் அறை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் என்று பயணிகளுக்குப் பதிவு செய்து கொடுக்கிற வேலை. இந்த சீசனில் ஒன்றரை மாதம் வைஃபை எங்களைப் படாதபாடு படுத்தியது. மேசைக் கம்ப்யூட்டர் இரண்டும் வயரில் நன்றாக ஓடும். ஆனால் போன், டேப், லேப்டாப் எதை எடுத்தாலும் "ஐபி முகவரி பெறப்படுகிறது" (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கிற எண்தான் இந்த முகவரி) என்று சுற்றிக்கொண்டே நிற்கும், ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகும், பிறகு பழையபடி. ஆள் குறைந்த செவ்வாய், புதனில் பரவாயில்லை, போயா விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு வேலை பாழ்.

முதலில் கூப்பிட்ட ஒருவர் வந்து ரவுட்டரைப் பார்த்தார், பழசு, பழுதாகிவிட்டது என்றார். புதியது ஒன்று 18,500 ரூபாய்க்கு வாங்கிப் பூட்டினார். பழையதை வீணாக்க வேண்டாம், வாசல் பக்கம் சிக்னல் குறைவு என்று சொல்லி ஒரு வயரை இழுத்து அதையும் முன் விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாளிலிருந்து முன்பைவிட மோசம். இப்போது போனில் வைஃபை முழுக்கோடும் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. விறாந்தையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர் படகுக்குப் பணம் கட்ட முடியாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாங்கள் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். வெட்கமாக இருக்கும்.

அப்புறம்தான் பக்கத்து விருந்தினர் விடுதிக்காரர் இந்தத் தம்பியைச் சொன்னார். நகரத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறார், தனியாள். கடையின் பெயரைப் போடவா என்று கேட்டேன், இருக்கிற வேலையே அதிகம், வேண்டாம் அக்கா என்றார். அதனால் போடவில்லை.

எனக்குப் பிடித்தது, வந்தவுடன் அவர் ரவுட்டர் பக்கமே போகவில்லை. என்னுடைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, நெட்வொர்க் விபரத்தைக் காட்டுகிற ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தார். "அக்கா, இதைப் பாருங்கோ" என்று ஒரு வரியைக் காட்டினார். முகவரி கொடுத்த டிஎச்சிபி சர்வர் (கேட்கிற கருவிகளுக்குத் தானாக எண் கொடுப்பதற்குத்தான் டிஎச்சிபி என்று பெயர்) 192.168.0.1 என்று இருந்தது. அலுவலக ரவுட்டரின் முகவரியோ 192.168.1.1. அதாவது எங்கள் வைஃபையில் முகவரி பங்கு போடுகிறவர்கள் இரண்டு பேர். விறாந்தையில் இருக்கிற பழைய ரவுட்டரும் தன் பாட்டுக்கு எண் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு போன் முகவரி கேட்கும்போது அந்தக் கேள்வி நெட்வொர்க் முழுக்கப் போகும், பொதுவாக யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரிடமே எடுத்துக்கொள்ளும். பழையது முந்திக்கொண்டால் நெட்டுக்குப் போகும் வழி என்று தன்னையே காட்டும், அதிலோ நெட் லைன் இல்லை. எங்கள் மேசைக் கம்ப்யூட்டர்கள் தப்பியதற்குக் காரணம், எப்போதோ யாரோ அவற்றில் எண்களைக் கையால் அடித்து வைத்திருந்ததுதான். வயர், வைஃபை என்ற வித்தியாசமே இதில் இல்லையாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்ததும் பழைய ரவுட்டரின் பக்கம் திறந்தது. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினார், டிஎச்சிபியை நிறுத்தினார், வயர் நெட் லைனுக்கான துளையில் இல்லாமல் லேன் துளையில்தான் இருக்கிறதா என்று பார்த்தார். வயர் முனையில் பித்தளை நிறம் போய்ப் பச்சை பிடித்திருந்தது, கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றர்கூட இல்லை, உப்புக் காற்று. முனையை வெட்டிவிட்டுப் புதிது அடித்தார். பத்து நிமிடம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் போகவில்லை. புதிய ரவுட்டர் வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினை இருந்ததுதானே அக்கா, அது ஏன் என்று கேட்டுவிட்டு, யார் யாருக்கு முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தார். முகவரியின் கடைசிப் பகுதி 100 முதல் 149 வரை, மொத்தம் 50 எண்கள். ஐம்பதும் நிரம்பியிருந்தது. முந்தின நாள் படகுக்கு வந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனவரின் போன்கூட அதில் இருந்தது, ஏனென்றால் ஒருமுறை கொடுத்தால் 24 மணித்தியாலத்துக்கு அந்த எண் அவருக்குத்தான். முதலில் வந்தவர் பழைய அமைப்பை அப்படியே புதியதில் போட்டிருக்கிறார். மூன்று நாள் நன்றாக ஓடியது, ஆள் குறைந்த நாட்கள் என்பதால். எண் தீர்ந்ததும் புதியது பதில் சொல்லாது, பழையது சொல்லும். இரண்டு கோளாறும் ஒன்றுக்குள் ஒன்று.

பட்டியலை 50 முதல் 199 வரை நீட்டினார், 150 பேருக்கு இடம். கால அளவை 2 மணித்தியாலமாகக் குறைத்தார். இருந்து வேலை செய்கிறவர்களுக்கு இடையில் அறுபடாதா என்று கேட்டேன், பாதி நேரம் போனதுமே போன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், போனவர்களுடையது மட்டும்தான் விடுபடும் என்றார். வந்து போகிறவர்களுக்குத் தனி வைஃபைப் பெயர் ஒன்றும் போட்டுத் தந்தார், அதில் இருந்து எங்கள் பிரிண்டர் தெரியாது. பிரிண்டருக்குப் பட்டியலுக்கு வெளியே 20 என்று நிரந்தர எண்.

இன்னொன்றும் சொன்னார், இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவும். லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை, லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது எண் தீர்ந்துவிட்டதா, வயர் கழன்றதா என்று பார்க்க வேண்டும். தன் ரவுட்டரின் எண் தொடங்குகிற மாதிரி இல்லாமல் வேறு வரிசையில் எண் வந்தால், இன்னொரு ரவுட்டரைத் தேட வேண்டும். ஒன்றரை மாதத்தில் இதை ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மொத்தம் 4,500 ரூபாய், ஒரு கிழமை கழித்துத் திரும்ப வந்து பார்த்ததும் அதற்குள். புதிதாக ஒரு சாமானும் வாங்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நீண்ட விடுமுறை போய்விட்டது, ரவுட்டரை ஒருமுறைகூட அணைத்துப் போடவில்லை.

குறையும் உண்டு. வருகிறேன் என்ற நாளில் வரவில்லை, அடுத்த நாள் மத்தியானம்தான் வந்தார், இடையில் போனும் எடுக்கவில்லை. சீசனில் அது எங்களுக்குப் பெரிய நட்டம், அதை அவரிடம் நேராகவே சொன்னேன். பில் கேட்டபோது கொப்பித் தாளில்தான் எழுதித் தந்தார், கணக்கு காட்ட வேண்டிய அலுவலகங்களுக்கு அது போதாது. ஆனால் அதே தாளின் பின்பக்கத்தில் எந்த ரவுட்டருக்கு எந்த எண், எது நிறுத்தப்பட்டது, எது மாற்றப்பட்டது என்று வரி வரியாக எழுதியிருந்தார். அதை ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கூப்பிட விரும்புகிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு நம்பர் தருகிறேன். அவர் வருவதற்கு முன் ரவுட்டரின் பாஸ்வேர்டைத் தேடி எடுத்து வையுங்கள், எங்களுக்கு அரை மணித்தியாலம் போனது அதில்தான்.