அமைச்சரவையா, எதிர்க்கட்சி வரிசையா?

கொழும்பில் ஒக்டோபர் 30 அன்று, மலையகத் தமிழர் தலைவர் தொண்டமானின் நினைவு நாளில், பழைய பாராளுமன்ற வளாகத்திலுள்ள அவர் சிலைக்கு மாலை விழும்போது எனக்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவும் நினைவுக்கு வருவார். ஒருவர் அமைச்சரவைக்குள் இருந்து தம் மக்களுக்காகக் கேட்டார், மற்றவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து; எந்த வழி பலன் தந்தது?

சௌமியமூர்த்தி தொண்டமான் 1947இல் நுவரெலியாவில் வென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1978இல் அமைச்சரவைக்குள் போனார்; ஆட்சிகள் மாறியும் 1999இல் மறையும்வரை அமைச்சர்தான். 1988இல் எஞ்சியிருந்த நாடற்றவர்களில் பலருக்கும் பிரஜாவுரிமை வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர் கையில் அடையாள அட்டை!

சம்பந்தன் 1977இல் திருகோணமலையிலிருந்து வந்தார். 1983இல் ஆசனம் போனது, 2001இல்தான் திரும்பினார். 2015இல் எதிர்க்கட்சித் தலைவர். அமைச்சுப் பதவி எடுக்கவேயில்லை. கேட்ட அரசியல் தீர்வும் 2024இல் அவர் கண்மூடும்வரை வரவில்லை.

பலனைப் பார்த்தால் நான் தொண்டமான் பக்கம். ஆனால் தொண்டமான் கேட்டது வாக்குரிமை, சம்பந்தன் கேட்டது அதிகாரப் பகிர்வு. இரண்டாவதைத் தர எந்த அரசுக்கும் மனம் வரவில்லை.