போன் ஒன்று, அட்டை நாற்பது: பிளிக்கர்ஸ்

திருகோணமலையில் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் புரொஜெக்டர் இல்லை, பிள்ளைகளிடம் போனும் இல்லை. இப்படியான வகுப்புக்கு நான் கண்டதில் ஆகச் சிறந்தது, தெரிவு வினாவுக்கு முழு வகுப்பின் விடையையும் ஆசிரியரின் ஒரே போனில் எடுக்கும் பிளிக்கர்ஸ் செயலிதான்.

ஆளுக்கோர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்து. தன் விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நான் போன் கமராவை ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன விடை என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையும் வேறு வடிவம், பார்த்துத் திருப்ப முடியாது. கையை உயர்த்தச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளையின் கையைப் பார்த்துத்தானே மற்றக் கைகள் எழும்பும்!

"கன்னியா வெந்நீரூற்றில் ஒரே கிணற்றில் ஒரு வாளியும் ஒரு கோப்பையும் வெந்நீர் அள்ளினால், அந்த நேரம் எதன் வெப்பநிலை கூட?" என்று கேட்டேன். அரைவாசிக்கு மேல் வாளி. விடை சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கோ என்று விட்டேன். ஹாவர்டில் பௌதிகம் படிப்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை அது: தனியே விடை, பிறகு பேச்சு, பிறகு மறுபடி விடை. வாயே திறக்காத ஒரு பிள்ளை பின்வாங்கிலிருந்து, "அப்ப வாளிக்குள்ள கையை விட்டா கூடச் சுடுமோ?" என்றாள். இரண்டாந்தரம் அநேகமான அட்டைகள் "இரண்டும் சமம்" என்று திரும்பின. வாளியில் கூட இருப்பது வெப்பத்தின் அளவு என்று அதற்குப் பிறகு விளக்கியபோது வகுப்பே கேட்டது.

அட்டைகளை இலவசமாக எடுத்து பிரின்ட் பண்ணலாம். மினுங்கும் லமினேற்றிங் வேண்டாம். வெளிச்சம் தெறித்தால் கமராவுக்குப் பிடிபடாது. வடிவத்தை விரல் மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள்.

செயலி ஆங்கிலத்தில்தான், கேள்வியைத் தமிழில் எழுதலாம். நான் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். தெரிவு வினாவுக்கு மட்டுமே உதவும். படம் கீறி விளக்கும் விடைக்குக் கொப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டை இலக்கத்தை இடாப்பு ஒழுங்கிலேயே கொடுங்கள். ஒன்று தொலைந்தாலும் அந்த இலக்கத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.