முதல் ஆடி: எஃப்/8-ஆ, எஃப்/5-ஆ?

150 மி.மீ. வட்டக் கண்ணாடி இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவே கார்பரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது குவியும். தொலைநோக்கி ஆடி இப்படித்தான் பிறக்கிறது. தேய்ப்பதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வழக்கு. நடுக்குழி ஏறத்தாழ 1.2 மி.மீ. ஆழமானதும் நிறுத்தினால் ஆடி ஒளியைச் சேர்க்கும் குவியத் தூரம் 1,200 மி.மீ.; விட்டத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது எஃப்/8. 1.9 மி.மீ. வரை போனால் 750 மி.மீ., எஃப்/5. ஆழத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஆடியின் குறுக்கே இரும்பு அளவுகோலை வைத்து, நடுவில் 1.2 மி.மீ. டிரில் பிட் நுழைகிறதா என்று பார்த்தால் போதும்.

எஃப்/5 விரும்பிகளின் பக்கம் நியாயம் இருக்கிறது. குழாய் முக்கால் மீட்டர்தான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறலாம். கார்த்திகை விண்மீன் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். எஃப்/8 குழாயோ ஆளைப்போல் நீண்டு நிற்கும். மாடிப்படித் திருப்பத்தில் சுவரை இடிக்கும்.

ஆனால் ஆடி செய்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது குழாயை அல்ல, வளைவை. எல்லாத் திசையிலும் நகர்த்தித் தேய்க்கும்போது எங்கும் ஒட்டிப் பொருந்தக்கூடிய குழிவளைவு கோளம் ஒன்றே. ஆகவே கை தானாகத் தருவது அதைத்தான். விண்மீன் ஒளியை ஒரு புள்ளியில் சேர்க்கவோ பரவளைவு வேண்டும். எஃப்/8-இல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. கோளமாகவே விட்டுவிட்டாலும், நன்றாகக் குவியப்படுத்தியபின் ஒளியலையில் விழும் பிழை சுமார் 0.14 மைக்ரான். பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அது. பிழை இதற்குள் இருந்தால் படம் கெடாது என்று இயற்பியலாளர் ராலே வகுத்த வரம்பை ஒட்டி நிற்கிறது. எஃப்/5-இல் அதே பிழை நான்கு மடங்காகி ஓர் அலைநீளத்தையும் தாண்டுகிறது. அதில் வியாழனின் பட்டைகள் கஞ்சியில் கரைந்ததுபோல் தெரியும். ஆக, எஃப்/5 எடுத்தவர் பரவளைவு செய்தே தீர வேண்டும்.

வளைவைச் சோதிப்பதிலும் அப்படியே. 1858-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சொன்ன கத்திமுனைச் சோதனையை இன்றும் ஒரு ஷேவிங் பிளேடும் சிறு விளக்கும் கொண்டு வீட்டிலேயே செய்கிறோம். கோளம் என்றால் பிளேடு நகரும்போது ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகும், பார்த்தவுடன் புரியும். பரவளைவோ உளுந்து வடைபோல் நிழல் காட்டும். அந்த வடை சரியான வடைதானா என்று வளையம் வளையமாக அளந்து கணக்குப் போட வேண்டும். முதல் ஆடியில் இந்த வேலை எனக்குப் பல வாரத் தூக்கத்தைத் தின்றது.

எந்தக் கண்ணாடி என்ற கேள்வியில் இத்தனை கவலை வேண்டாம். சாதாரணத் தட்டைக் கண்ணாடி, வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைவிடச் சூட்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். மெருகேற்றும் சூட்டில் வளைவு மாறிவிடும். ஆற விட்டுத்தான் சோதிக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தால் அதுவே போதும். கப்பல் சாளரக் கண்ணாடியிலேயே பெரிய ஆடிகளைத் தேய்த்துக் காட்டினார் அமெரிக்கத் தொலைநோக்கி ஆர்வலர் ஜான் டாப்சன்.

மெருகுத் தூளில்தான் என் மனம் இன்னும் இரண்டு பக்கமும் சாய்கிறது. சீரியம் ஆக்சைடு வேகமானது; ஓரிரு நாள் உழைப்பில் சொரசொரப்பு மறைந்து கண்ணாடி தெளிந்துவிடும். நகைக்கடைக்காரர்கள் அறிந்த ரூஜ், அதாவது இரும்பு ஆக்சைடு, மிக மெதுவானது. விரல், சட்டை, கழுவுதொட்டி எல்லாவற்றையும் செம்மண் நிறமாக்கும். வீட்டில் திட்டு நிச்சயம். ஆனால் வழவழப்பு ரூஜில் வருவதுபோல் சீரியத்தில் எனக்கு வரவில்லை. சீரியத்தில் மெருகேற்றி, கடைசித் திருத்தத்தை மட்டும் ரூஜில் செய்வது பழைய கைகளின் வழக்கம். எனக்கும் அதுவே ஒத்துவந்தது.

எந்தத் தூளானாலும் அடியில் பிட்ச் என்ற கீல் போன்ற பிசினால் ஆன திண்டு வேண்டும். நியூட்டன் தம் உலோக ஆடியை மெருகேற்றியதும் பிட்ச்சில்தான். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் பிட்ச் நம் ஊர்க் கோடையில் களிபோல் இளகி ஓடும். கடினமான ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் ஆடிக்கு என் வாக்கு எஃப்/8-க்கே, அதிலும் சாதாரணக் கண்ணாடியில். குட்டைக் குழாய் ஆசை பிறகும் தீராவிட்டால், அதே ஆடியை 80-ஆம் எண் என்ற பரும்படியான கார்பரண்டம் தூளுக்குத் திரும்பக் கொண்டுபோய் இன்னும் 0.7 மி.மீ. தேய்க்கலாம். மெருகு முழுவதும் போய்விடும். கண்ணாடியும் கையின் பழக்கமும் மிஞ்சும்.