ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா: நாய் நடைக்குச் சரி, ஸ்கூபாவுக்கு?

தினமும் நாயோடு நடை, வாய்ப்புக் கிடைத்தால் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது. இரண்டுக்கும் ஒரே வாட்ச் போதும் என்று அல்ட்ராவை வாங்குபவர்கள் நிறைய. நடைக்கு இது தாராளமாகப் போதும். கடலுக்குள் போகும்போது இதை இரண்டாவது கருவியாகக் கட்டிக்கொள்வதே நல்லது.

முதலில் நடை. லீஷ் (நாயைப் பிடிக்கும் கயிறு) பிடிக்காத கையில் வாட்சைக் கட்டுங்கள். நாய் இழுக்கும்போது மணிக்கட்டு இறுகினால் இதயத் துடிப்பு அளவீடு தாறுமாறாகப் போகும். லீஷ் வளையம் சைடு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அவசர அழைப்புக்கான கவுண்ட்டவுன் ஆரம்பித்துவிடும். போனிலுள்ள வாட்ச் செயலியில், எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் பகுதியில், பட்டனை அழுத்திப் பிடித்தால் அழைக்கும் வசதியை அணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நாய் கம்பத்துக்குக் கம்பம் மோப்பம் பிடித்து நின்றால் அரை மணி நேர நடை முழுவதும் உடற்பயிற்சி நிமிடங்களாகக் கணக்கில் ஏறாது. வேகமாக நடந்த நேரம் மட்டுமே ஏறும். இதில் வாட்ச்மீது தப்பில்லை.

இனி டைவிங். 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்கூபாவுக்கு எல்லை 40 மீட்டர். கூடவே வரும் டெப்த் செயலி ஆழம், நேரம், தண்ணீரின் வெப்பநிலை ஆகியவற்றைத்தான் காட்டும். டீகம்ப்ரஷன் (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் நின்று நின்று வருவது) இல்லாமல் இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்பதை அது சொல்லாது. அதற்கு ஓஷானிக் பிளஸ் செயலி வேண்டும், அதுவும் சந்தா கட்டி. சந்தா இல்லாமல் இறங்குபவர் கையில் இருப்பது வெறும் ஆழமானி. அந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லும் டைவ் கம்ப்யூட்டர் என்று நினைத்து இறங்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

சந்தா கட்டினால் வேலை சுத்தம். மேலேறும் வேகத்தைக் கவனித்து எச்சரிக்கும், மேலே வருமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பை எண்ணிக் காட்டும். தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. கிரவுனையும் (பக்கத்திலுள்ள திருகு) ஆக்‌ஷன் பட்டனையும் கையுறையோடு கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பது இதில் தெரியாது, பிரஷர் கேஜ் கட்டாயம். ஒரே நாளில் பல டைவ் இருந்தால் முதல் டைவிலிருந்தே ஒரே கம்ப்யூட்டரை நம்புங்கள். நடுவில் மாற்றினால் உடலில் தங்கிய நைட்ரஜன் கணக்கு புதுக் கருவிக்குத் தெரியாது.

துணி ஸ்டிராப் வேண்டாம். ஓஷன் பேண்ட் வாங்குங்கள், தடிமனான வெட்சூட்டுக்கு மேல் கட்ட எக்ஸ்டென்ஷன் தனியாகக் கிடைக்கும். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பீக்கர் ஓட்டையில் உப்பு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வராத ஒன்று. டைவ் முடிந்த பின் சில மணி நேரமாவது கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள், டீகம்ப்ரஷன் நோய்க்கான (உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழிகளாவதால் வருவது) ஆபத்து கூடும் என்பதால். வாட்சோ, அன்றாட உடற்பயிற்சி இலக்கைக் காட்டும் வளையத்தை மாலையில் நிரப்பச் சொல்லி நச்சரிக்கும். வாட்ச்ஓஎஸ் 11 முதல் வளையங்களை அன்றைக்கு மட்டும் நிறுத்திவைக்கலாம். முரட்டுத்தனமாக இழுக்கும் நாயாக இருந்தால் அன்றைய லீஷை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.