மார்டர் விரட்டி வாங்குவதென்றால் அடிக்கிற தகடு உள்ளதை வாங்குங்கள்

ஜெர்மனியில் இரவில் வீதியோரம் கார் விடுகிறவர்களுக்கு மார்டரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஊரில் ஓட்டுக்கூரைக்குள் குடியிருக்கும் மரநாயைப் போன்ற உடம்பு, கழுத்தில் வெள்ளைத் திட்டு, ஆள் கண்ணில் படாது, ஆனால் இரவில் எஞ்சினுக்குள் ஏறி வயரைக் கடித்து வைக்கும், காலையில் காரை எடுத்தால் எஞ்சின் உதறும். இங்குள்ள காப்புறுதி நிறுவனங்களுக்கு மார்டர் கடி என்று வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கோரிக்கைகள் வருகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காரிலும் ஸ்பார்க் பிளக் வயரைக் கடித்து வைத்தது. அதற்குப் பிறகுதான் ஆறு உலோகத் தகடுகளும் ஒரு அல்ட்ராசவுண்ட் ஒலிப்பானும் சேர்ந்த 12 வோல்ட் விரட்டி ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். போன கோடைக்கு முன் பூட்டியது, இன்றுவரை ஒரு கடி இல்லை. நல்ல சாமான், காசு வீணில்லை. ஆனால் பாதிப் பலன் பொருத்துகிற விதத்தில் இருக்கிறது, பெட்டிக்குள் வருகிற தாளோ அதை ஒழுங்காகச் சொல்வதில்லை.

முதலில் எதை வாங்குவது. இருபது முப்பது யூரோவுக்குச் சத்தம் மட்டும் போடுகிற பெட்டிகள் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம். ஒரே சத்தத்தைத் தினமும் கேட்டால் மார்டர் பழகிவிடும். தகடு உள்ளது நூறு யூரோவுக்கு மேல் போகும், ஆனால் அதுதான் வேலை செய்கிறது, ஏடிஏசி வாகனச் சங்கமும் மின் அடி கொடுக்கிற ரகத்தைத்தான் மேலாகச் சொல்கிறது. மாட்டுப் பண்ணை வேலியில் இருக்கிற அதே தத்துவம்: இருநூறு முந்நூறு வோல்ட், மிகக் கொஞ்சக் கரண்ட், விலங்கு துள்ளி ஓடும், சாகாது. அதை எப்படியும் கொல்லக் கூடாது. மார்டர் வேட்டைச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு, நீங்களோ நானோ பொறி வைத்துப் பிடிக்க முடியாது.

தகட்டிலும் இரண்டு விதம் இருக்கிறது. பழைய ரகத்தில் தகட்டில் பிளஸ் மட்டும்தான் வரும், மார்டரின் ஒரு கால் தகட்டிலும் இன்னொரு கால் காரின் இரும்பிலும் பட்டால்தான் அடி விழும். இப்போதைய கார்களில் பொனற்றைத் திறந்தால் எங்கும் பிளாஸ்ரிக் மூடிகள்தான், அது காலை வைக்க இரும்பு எங்கே இருக்கிறது? அதனால் ஒரே தகட்டில் பிளஸ்ஸும் மைனஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட அனுமதிக் குறியும் இருக்க வேண்டும்.

பூட்டுவதற்கு முன் எஞ்சின் பகுதியைக் கழுவியே ஆக வேண்டும், இதைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பேர் விடுகிறார்கள். மார்டர் பசியில் கடிப்பதில்லை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் மார்டரின் மணம் வந்தால் வெறி பிடித்துக் கடிக்கிறது, வசந்தம் தொடங்கி ஆவணி வரை அது கூடும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறோம். அங்குள்ள மார்டர் எஞ்சினுக்குள் படுத்து எழும்பியிருந்தால் அந்த மணம் எங்களோடு வருகிறது, அன்றிரவு எங்கள் தெரு மார்டர் வயரைக் கிழிக்கிறது. கழுவாமல் விரட்டி பூட்டினால் அதன் கோபம் அப்படியே இருக்கும், தகடு இல்லாத மூலையைத் தேடிப் போய்க் கடிக்கும்.

வயர் மூன்றுதான். ஜெர்மன் முறையில் எண் போட்டிருக்கும்: 30 என்பது பற்றரியிலிருந்து எப்போதும் வருகிற பிளஸ், 31 என்பது மைனஸ், 15 என்பது திறப்பைத் திருப்பினால் மட்டும் வருகிற பிளஸ். 30க்குப் போகிற வயரில் பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்க வேண்டும். மைனஸை பற்றரி முனையில் பூட்டாமல் காரின் உடலில் உள்ள பூமிப் புள்ளியில் பூட்டுங்கள், ஸ்ராட்-ஸ்டொப் (கார் நின்றதும் எஞ்சின் தானே அணைகிற வசதி) உள்ள கார்களில் மைனஸ் முனையில் கரண்டை அளக்கிற சென்சர் இருக்கும், அதைத் தாண்டி இணைத்தால் அதன் கணக்குப் பிழையாகிவிடும். பதினைந்தாம் நம்பர்தான் தலையிடி. அது இருந்தால்தான் கார் ஓடும்போது விரட்டி நிற்கும். பியூஸ் பெட்டியில் மல்டிமீற்றர் வைத்துத் தேடுங்கள், ஆனால் திறப்பை எடுத்த உடனே பார்த்து முடிவெடுக்காதீர்கள், சில பியூஸ்களில் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட் வந்துகொண்டிருக்கும். காரைப் பூட்டிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வந்து திரும்ப அளந்து பாருங்கள். கிடைத்த பியூஸில் வயரை வெட்டாமல், செருகுகிற கிளை அடாப்டர் போட்டால் போதும்.

பொனற் சுவிச்சை விடவே கூடாது. பொனற்றைத் திறந்ததும் உயர் மின்னழுத்தத்தை நிறுத்துவது அதுதான். மச்சானின் காரில் ஒரு கராஜ் காசு வாங்கிப் பூட்டிக் கொடுத்தது, சுவிச்சின் வயர் சும்மா சுருட்டிக் கட்டியிருந்தது. தண்ணி ஊற்றப் போன அவர் மனைவிக்குக் கையில் அடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்பது உண்மைதான், ஆனால் துள்ளித் தலையைப் பொனற்றில் இடித்தால் என்ன செய்வது? காசு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து கொடுக்க வேண்டும்.

தகடுகளை மார்டர் ஏறுகிற வழியில் வையுங்கள்: முன் சில்லுகளின் உட்பக்கம், அச்சுப் பக்கம், கூலிங் குழாய்களுக்குக் கிட்ட, ஸ்பார்க் பிளக் வயருக்குப் பக்கத்தில். எக்சோஸ்டுக்குக் கிட்ட வேண்டாம், பெற்றோல் குழாயிலோ பிரேக் குழாயிலோ கட்டவே வேண்டாம். தகட்டின் ஆணியைத் திருகினால் அது வயரைத் துளைத்து இணைந்துவிடும், அதனால் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம், இது எனக்கு மிகவும் பிடித்தது. பனிக்காலம் முடிந்ததும் தகடுகளைத் துடைக்க வேண்டும், வீதி உப்புப் படிந்தால் கரண்ட் கசிந்து அடியின் வலு குறையும்.

குறை என்றால், வயர் கொஞ்சம் கட்டை, பெரிய எஞ்சினுக்கு ஆறு தகடும் எட்டாது. அப்புறம் அந்த ஒலிப்பான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மகளுக்கு நன்றாகக் கேட்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். ஒலிப்பானை நிலத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், குறைந்தது. சத்தத்தைத் தனியாக நிறுத்துகிற வசதி இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். பற்றரியைத் தின்னுமா என்று பலர் கேட்கிறார்கள். மிகக் கொஞ்சம்தான் எடுக்கிறது, பற்றரி இறங்கினால் தானாகவே நின்றுவிடும்.

ரொய்லெற்றில் தொங்கவிடும் வாசனைக் கட்டி, நாய் மயிர் எல்லாம் சில நாளுக்குத்தான். கோழிக்கூட்டுக் கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்து எஞ்சினுக்குக் கீழே நிலத்தில் போடுவது மெய்யாகவே உதவும், சொந்தத் தரிப்பிடம் உள்ளவர்கள் செய்யலாம்.

டைல்காஸ்கோ என்கிற பகுதிக் காப்புறுதி இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். கடித்த வயருக்குக் கொடுப்பார்கள், ஆனால் கூலிங் குழாய் ஓட்டையாகி எஞ்சின் சூடேறிப் பழுதானால் அந்தப் பின்விளைவுக்கும் கொடுப்பார்களா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, எடுத்து வாசியுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: செம்மஞ்சள் நிற உயர் அழுத்த வயரில் பல் பட்டால் ஒட்டுப் போட விடமாட்டார்கள், முழு வயரையும் மாற்றச் சொல்வார்கள், செலவு ஆயிரக்கணக்கில் போகும். அந்தக் கார்களில் நீங்களே கை வைக்காமல், சுவிச்சையும் சேர்த்துப் பூட்டித் தருகிறோம் என்று எழுத்தில் தருகிற கராஜில் கொடுங்கள்.